எஞ்சினை மட்டும் மாற்றினேன்

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, அல்சூரில் ஒரு ஷெட்டில் மெக்கானிக்காக ஒட்டிக்கொண்டிருந்தேன். பட்டாள ஏலத்தில் வந்த லாரி எஞ்சின் ஒன்றை, பழைய ஸ்டேஷன் வேகன் கார் ஒன்றில் மாற்றிப் பொருத்தினேன்.

"பிரேக்கை மாத்தலியே மேஸ்திரி? லாரி எஞ்சினைப் பழைய பிரேக் தாங்குமா?" என்றான் டிரைவர் அந்தோணி.

"நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சிருக்கு, இன்னா பயம்? எடுடா வண்டிய, பயந்தாங்கொள்ளி" என்றேன்.

ஏரிக்கரை இறக்கத்தில் வண்டி நிற்காமல் போய்ப் புளியமரத்தில் மோதியது. பின்னாலேயே ஓடிவந்த நான், முதலில் பானெட்டைத் தூக்கி எஞ்சினைத்தான் பார்த்தேன்.

கால் நசுங்கி உள்ளே கிடந்த அந்தோணி கேட்டான்: "எஞ்சினுக்கு அடி ஒண்ணும் இல்லியே மேஸ்திரி?"

அவனுடைய காலை எடுத்துவிட்டார்கள். நான் பட்டினி கிடந்திருக்கிறேன், திருடியும் தின்றிருக்கிறேன்; அதெல்லாம் உறுத்துவதில்லை. அன்று பானெட்டைத் தூக்கிய இந்தக் கையால் சோறு பிசையும்போதுதான் இன்றும் குமட்டுகிறது.