எண்ணெய் வேண்டாம் என்றதால் வந்த சந்தேகம்

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. அப்பாவுக்குக் கேரளாவில் வேலை. வீட்டில் அம்மாவும் கல்யாணமாகாத நானும் மட்டும்தான். தினமும் கம்பெனி வேனில் புதியம்புத்தூருக்குத் தையல் வேலைக்குப் போய் வருவேன். நாள் முழுக்க மிஷின் முன்னால் உட்கார்ந்தே இருந்ததில் இடுப்பில் சதை போட்டுவிட்டது. செல்போனில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, அன்றோடு எண்ணெய்க்கு ஒரு கும்பிடு போட்டேன்.

எண்ணெய் மட்டுமில்லை. தேங்காய்ச் சட்னி, நிலக்கடலை, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தினேன். சோற்றையும் பாதியாகக் குறைத்தேன். இட்லிப் பொடியை மோரில் குழைத்துத் தின்றேன். அம்மா எனக்குத் தெரியாமல் நல்லெண்ணெயைக் கலந்திருப்பாளோ என்று சோற்றை விரலில் தேய்த்துப் பார்ப்பேன். தாளிக்கிற வாசனை வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவேன்.

சில மாதத்தில் இடுப்பு குறைந்தது. கூடவே சீப்பில் முடி கொத்தாக வந்தது. ஒருநாள் வேனை விட்டு இறங்கியதும் தலைசுற்றி ரோட்டோரமே உட்கார்ந்துவிட்டேன். அதைவிடப் பெரிய விஷயம், மாதாமாதம் தலைக்கு ஊற்றுவது நின்றுபோயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒரே வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு அது தெரியாமல் இருக்குமா?

அப்புறம்தான் ஆரம்பித்தது. கைப்பையில் நான் வைத்தது வைத்த இடத்தில் இருக்காது. போனைத் தொட்டால் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். என்னோடு வேனில் வருகிற அக்காவை வழியில் நிறுத்தி, "எம் மவ கம்பெனியில யார்கூட பேசுதா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த அக்கா வந்து சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. சாப்பாட்டைக் கண்டால் ஒதுங்குகிறேன், தலை சுற்றுகிறது, நாள் தள்ளிப்போயிருக்கிறது. அம்மா ஒரு முடிவுக்கே வந்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில், அவளாகவே கேட்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் கேட்கவே இல்லை. பெரியம்மாவிடம் போனில் பேசியதுதான் காதில் விழுந்தது. "இந்த மாசத்தோட வேலைய நிப்பாட்டிருதேன்க்கா. வெளிய தெரியுததுக்கு முன்ன எவன் கையிலயாவது பிடிச்சுக் குடுத்துரணும்." அந்த வேலை போனால் நான் வீட்டோடுதான்.

மறுநாள் காலையில், "கெளம்பு, ஒரு எடத்துக்குப் போவணும்" என்றாள். எங்கே என்று நானும் கேட்கவில்லை. கோவில்பட்டி வரைக்கும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். என் கைப்பையை அவள் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். இறங்கி நேராக ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

சிறுநீரைச் சோதித்துவிட்டு டாக்டர், "நீங்க பயந்த மாதிரி ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

"இன்னொரு தடவ நல்லாப் பாருங்கம்மா" என்றாள் அம்மா.

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. பெற்ற தாய் டாக்டரைக்கூட நம்பவில்லை.

டாக்டர் என் பக்கம் திரும்பி, "நேத்து என்னென்ன சாப்பிட்ட?" என்று கேட்டார். சொன்னேன். அதற்கு முந்தின நாள் சாப்பிட்டதையும் கேட்டார். சொல்லி முடிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். "கொழுப்புன்னாலே கெட்டதுன்னு யாரு சொன்னா? பொரிச்சதக் கொறச்சுக்கோ, சரிதான். நல்லெண்ணெய், கடலை, மீனு எல்லாத்தையும் விட்டு, சோத்தையும் கொறச்சா, ஒடம்புல சுரக்கவேண்டியது எப்படிச் சுரக்கும்? நாளு எப்படி ஒழுங்கா வரும்?" ரத்தமும் எடுத்துப் பார்த்தார். வேறு கோளாறு எதுவும் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அம்மா மெதுவாக, "ஏட்டி, எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா" என்றாள்.

"நீ கேட்டிருக்கலாம்லாம்மா" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அளவாக எல்லாம் சாப்பிட ஆரம்பித்த பிறகு, சில மாதத்தில் உடம்பு சரியாகிவிட்டது. வேலைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அம்மா மேல் இப்போது கோபமும் இல்லை. ஆனால் வயதுக்கு வந்த பெண் ஒருத்தி தட்டைத் தள்ளி வைத்தால், என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதற்கு முன்னால் யாரோடு பேசினாய் என்றுதானே பெற்றவளுக்கே கேட்கத் தோன்றுகிறது, அதைத்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.