உப்புப் பார்த்த வெள்ளிக்கிழமை

பூண்டும் வெந்தயமும் சேர்ந்து கொதிக்கும் கஞ்சியின் வாசனை, பங்குனி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட எங்கள் சின்னக் கோயிலின் பின்பக்கத்திலிருந்து கிளம்பி, உள்ளே கண்மூடி ஜெபித்துக்கொண்டிருக்கும் அத்தனை பேருடைய மூக்கையும் துளைக்கும். பெரியவர்கள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பவர்கள். பரீட்சைக் காலமாதலால் அரைநாள் பள்ளி முடிந்து, வீட்டில் சோறும் தின்றுவிட்டு வருகிற பிள்ளைகளான எங்களுக்குத்தான் அந்த வாசனை முதலில் பொறுக்காது. திருக்கழுக்குன்றத்திலிருந்து கல்பாக்கம் போகிற சாலையை ஒட்டிய காலனி எங்களுடையது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில், வெள்ளிக்கிழமைதோறும் அங்கே உபவாச ஜெபம் நடக்கும். மூன்று மணிக்கு ஜெபம் முடிந்ததும் எல்லோரும் கஞ்சி குடித்து உபவாசத்தை முடிப்பார்கள். அந்தக் கஞ்சியைக் காய்ச்சுகிறவள் என் அம்மா.

அம்மாவுக்கு மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. வார விடுப்பை வெள்ளிக்கிழமையாகக் கேட்டு வாங்கியிருந்தாள். ஊர்ப்பட்ட கூட்டத்துக்குத் தினமும் சாம்பார் வைக்கிற கை அது. அகப்பையிலிருந்து ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்து, "ம்" என்று தலையை ஆட்டினால்தான் அவளுக்கு ஒரு சமையல் முடிந்ததாக அர்த்தம். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அந்தக் கை தானாக எழும். வந்த வினையே அதுதான்.

என் தம்பி சாமுவேலுக்கு அந்த வருஷம் வலிப்பு வரத் தொடங்கியிருந்தது. விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளை திடீரென்று விறைத்து, கண் மேலே செருகிக் கீழே சாய்வான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, ஒருவேளைகூட விடாமல் கொடுங்கள், வளர வளரக் குறையும் என்றார்கள். அம்மா மாத்திரையும் கொடுத்தாள். அது போதாதென்று லெந்து முடிகிற வரைக்கும் வெள்ளிக்கிழமைகளில் ஜெபம் முடியுமுன் எச்சில்கூட விழுங்க மாட்டாத கணக்கில் ஆண்டவரிடம் நேர்ந்து ஒரு பொருத்தனையும் செய்துகொண்டாள். தான் சரியாக இருந்தால் பிள்ளை சரியாகிவிடுவான் என்று அவளுக்குள் எப்படியோ ஊன்றிப்போயிருந்தது.

முதல் வெள்ளியே கை எழுந்துவிட்டது. கஞ்சி இறக்குகிற நேரத்தில் உள்ளங்கையில் ஒரு சொட்டு, நாக்கால் ஒரு நக்கு. அப்புறம்தான் நினைவு வந்து, தூ தூவென்று துப்பி, வாய் கொப்பளித்து, அன்று யாரோடும் கஞ்சி குடிக்காமல் மறுநாள் சாயங்காலம் வரை உபவாசத்தை நீட்டிக்கொண்டாள். கெட்ட நேரம், அதற்கடுத்த இரண்டொரு நாளில் சாமுவேலுக்கு வலிப்பு கண்டது. அதையும் இதையும் அம்மா முடிச்சுப் போட்டுவிட்டாள். "நான்தான் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த வெள்ளியிலிருந்து, சொன்னால் சிரிப்பீர்கள், வாயைச் சுற்றிக் "கர்ச்சீப்பு" கட்டிக்கொண்டுதான் அம்மா அடுப்பருகே போனாள். கை பழக்கதோஷத்தில் எழும், துணியில் முட்டும், இறங்கும். நாங்கள் சுவரோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். உப்புப் பார்க்காத கஞ்சி எப்படியிருக்கும்? ஒரு வாரம் சப்பென்று, ஒரு வாரம் கடல்தண்ணீர். சபைப் பெண்கள் கேலி பேசியபடியே குடித்தார்கள். அம்மாவுக்கு அந்தக் கேலி எதுவும் காதில் விழவில்லை. வாரநாட்களிலும் அவள் சோற்றைக் குறைத்துக்கொண்டே வந்ததும், ஜாக்கெட் தோளில் தொளதொளவென்று தொங்கியதும் அப்பாவுக்குத்தான் தெரிந்தது.

அப்பா கல்பாக்கம் டவுன்ஷிப்பில் தோட்ட வேலை பார்த்தவர். கிறிஸ்துமஸுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும் கோயிலில் தலைகாட்டுகிற ஆள். அதனால் விசுவாசம் பற்றி அவர் வாயைத் திறக்க அம்மா விட்டதேயில்லை.

அந்தப் பெரிய வெள்ளியில் அனல் காய்ந்தது. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றிய பிரசங்கம் மைக்கில் ஒலிக்க, அம்மா பின்பக்கம் பெரிய குண்டானில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். வியர்வையைத் துடைக்கத்தான் கர்ச்சீப்பை இறக்கினாள். ஒரு நொடிதான். கை எழுந்தது, சொட்டு விழுந்தது, நாக்கு நக்கிவிட்டது.

அகப்பையைப் போட்டுவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது, ஈஸ்டர் முடிகிற வரைக்கும் தண்ணீர்கூடத் தொட மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாள். சாமுவேல் பயந்துபோய் அவள் முதுகைக் கட்டிக்கொண்டு நின்றான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அப்பா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"ஏன் எஸ்தரு, உன் நாக்குல ஒரு சொட்டு கஞ்சி பட்டுச்சின்னு கோச்சிகினு, கொயந்தய போட்டு அடிப்பாரா ஆண்டவரு? நம்ம தாத்தனுங்க ஆண்டகிட்ட கைய கட்டிகினு நின்னது போதும்னுதான இந்தக் கோயிலுக்கு வந்தாங்க. இங்கயும் ஒரு ஆண்டய ஒக்கார வெச்சிகினு கீறியே."

நிலமுள்ளவர்களை எங்கள் முன்னோர் அழைத்த பெயர் ஆண்டை. அவர் முகம் கோணினால் அன்றைக்கு அடுப்பு எரியாது என்று நடுங்கி வாழ்ந்தவர்கள் எங்கள் ஆட்கள். அந்த வார்த்தையைக் கோயில் வளாகத்தில் சொன்னதும் எல்லோரும் போதகர் பக்கம் திரும்பினார்கள். அப்பாவைக் கண்டிப்பார் என்றுதான் எதிர்பார்த்தார்கள். அவரோ ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"நல்லா உப்புப் பாத்துட்டு எனக்கு ஊத்துங்கம்மா. இத்தன வாரமா குடிக்க முடியல."

"அப்போ எம்புள்ளைக்கு நான் இன்னாதான் பண்றது அய்யா?" என்று கேட்டாள் அம்மா.

"மாத்திர குடுங்க. நீங்களும் சாப்பிடுங்க. மத்தத சிலுவையிலயே அவரு செஞ்சி முடிச்சிட்டாரு."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, எல்லோர் முன்னாலும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கி, இன்னும் ஒரு பிடி உப்பு போட்டாள்.

சாமுவேலுக்கு அதன் பிறகும் வலிப்பு வந்தது. பொய் சொல்வானேன். வரும்போது அம்மா அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தெளிகிற வரைக்கும் பக்கத்தில் இருப்பாள், நெஞ்சில் அடித்துக்கொள்ள மாட்டாள். வளர வளர அது நின்றது.

இப்போது அந்தக் கோயில் மொட்டைமாடி வைத்த கான்கிரீட் கட்டடம். உபவாச ஜெபம் முடிந்தால் பிஸ்கட் பாக்கெட்டும் ஜூஸும் தருகிறார்கள். குண்டான் போன இடம் தெரியவில்லை, அப்பாவும் இல்லை. சாமுவேல் நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். நின்றுபோனது என்று நாங்கள் நினைத்திருந்த வலிப்பு, போன மாதம் அலுவலகத்திலேயே அவனைச் சாய்த்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவனை ஸ்கேனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, எந்த ஞாயிறு கோயிலுக்குப் போகவில்லை, எந்த ஜெபத்தை அரைகுறையாக விட்டேன் என்று நான் ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டிருந்தேன். அன்று அம்மா அழுத அதே அழுகை எனக்குள் முட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, கையோடு கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து, இட்லியை என் பக்கம் தள்ளினாள். உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயமாத்தான் கீது. அதுக்குன்னு? அவன நானா தாங்கிகினு கீறேன்? துன்னு."

சொல்லிவிட்டு என் தோளில் தலையைச் சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் லேசான குறட்டை கேட்டது. உள்ளே என்ன சொல்லப்போகிறார்கள் என்று இன்னும் தெரியாது. தோளை அசைக்காமல், ஒரு கையால் இட்லியைப் பிட்டுச் சாப்பிடத் தொடங்கினேன்.