தாராவியில் தாளிக்காத வீடு

இன்று 2013 பிப்ரவரி 17. எனக்கு வயது தொண்ணூறு வருடம், இரண்டு மாதம், ஐந்து நாள். தாராவியைச் சுற்றிப் பார்க்க எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று மூன்று வாசகர்கள் கேட்டிருக்கிறீர்கள். நான் முதன்முதலில் போனதைச் சொல்கிறேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை.

1944 பிப்ரவரி. பி.ஏ. முடித்து, மாட்டுங்காவில் அப்பா வீட்டில் வரனுக்குக் காத்திருந்தேன். நகரத்தில் பெரியம்மை பரவியிருந்தது. வீடு வீடாக அம்மை குத்தப் போகும் முனிசிபாலிட்டி ஊழியர் காம்ப்ளேக்குத் தமிழ் தெரியாது. தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் வாழும் சந்துகளில் மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. நான் போனேன்.

காலை 9.10க்குக் கிளம்பினோம். இரண்டு மைல், ஐம்பது நிமிட நடை. டிராம் மாட்டுங்காவோடு நின்றுவிடும் என்பதால் செலவில்லை, செருப்பு தேய்ந்ததைத் தவிர. தோல் பதனிடும் கொட்டகைகளின் நாற்றம் அரை மைல் முன்னதாகவே வந்து எதிர்கொள்ளும். அதைப் பற்றி எழுதும் பயணிகள், அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் மூக்கு உண்டென்று எழுதுவதில்லை.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது வழக்கம். காம்ப்ளே அதைக் கொண்டுதான் வீடுகளைக் கண்டுபிடிப்பார். இது தெரிந்ததும் ஜனங்கள் வேப்பிலையை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

"வேப்பிலை எங்கேயும் இல்லை, அம்மா. சலோ, போகலாம்," என்றார் காம்ப்ளே.

மணி பதினொன்று. சந்து முழுவதும் கடுகும் மிளகாயும் வெடிக்கும் நெடி. ஒரே ஒரு கதவின் வழியே அடுப்புப் புகை மட்டும் வந்தது. அம்மை இறங்கிய வீட்டில் தாளிக்கக்கூடாது. வேப்பிலையை மறைத்தவர்களுக்கு இதையும் மறைக்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அம்மனுக்கு அஞ்சித் துணிந்திருக்க மாட்டார்கள்.

தட்டினேன். இடுப்பில் நான்கு மாதக் குழந்தையோடு ஓர் இளம்பெண் கதவைப் பாதி திறந்தாள். பெயர் செல்லக்கனி என்று பிறகு தெரிந்தது.

"இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல. போங்க."

"கொழம்புக்குத் தாளிக்கலியா?"

அவள் முகம் மாறியது. "நீங்க எந்த ஊரு?"

"பாலக்காடு. எங்காத்துலயும் இந்தச் சமயம் தாளிக்க மாட்டோம்."

கதவு முழுதாகத் திறந்தது. உள்ளே பழைய வேட்டியில், வேப்பிலைக்கு நடுவே, ஐந்து வயது மகன் படுத்திருந்தான். கொப்புளம் கண்டு இரண்டாம் நாள்.

"கைக்கொழந்தைக்காவது இன்னிக்கே குத்திக்கோங்கோ. தள்ளிப்போட்டா குத்தியும் பிரயோஜனமில்லே," என்றேன்.

"அம்மா வீட்ல இருக்கையில இரும்பு படலாமா? கோவத்துல இதயும் எடுத்துக்கிட்டான்னா நீங்களா வந்து பதில் சொல்லுவிய?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்களுக்குக் குத்தியிருக்காக்கும்? காட்டுங்க பாப்போம்."

இடது கையில் ரவிக்கைக்குக் கீழே இருந்த வட்டத் தழும்பைக் காட்டினேன்.

"ஒண்ணுதான் இருக்கு? எங்க ஊர்ல நாலு வைப்பாவ."

"மாட்டுங்கால ஒண்ணுதான்."

"மாட்டுங்காக்காரவ இதுலயுமா சிக்கனம்?" என்றாள். பிறகு குழந்தையின் கையைக் காம்ப்ளேயிடம் நீட்டினாள். "குத்துங்க. இதுக்கு ஒண்ணுன்னா ஒங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்துருவேன், ஆமா."

குத்திய இடத்தில் மஞ்சள் பூச அவள் கை போனது. பூசினால் மருந்து வீணாகும் என்று பிடித்துக்கொண்டேன். அதற்குப் பின் அவளே வாசலுக்கு வந்து, "ஏட்டி, வாங்கட்டி! படிச்ச பிள்ளையே குத்தியிருக்கு," என்று சந்தைக் கூப்பிட்டாள். அன்று முப்பத்திரண்டு கைகளில் குத்தினார் காம்ப்ளே. மூத்தவனைப் பற்றி அவர் மேலிடத்தில் சொல்லத்தான் செய்தார். மறுநாள் வந்த டாக்டர், அவனை வீட்டிலேயே ஒதுக்கி வைக்கச் சம்மதித்தார். 4.30க்குக் குதிரை வண்டியில் திரும்பினேன், ஆறணா.

எட்டாம் நாள் போய்ப் பார்த்தேன். குழந்தையின் கை நன்றாகப் பழுத்திருந்தது; மருந்து பிடித்துவிட்டது என்று அர்த்தம். நான்காம் வாரம் போனபோது அந்தக் கதவுக்குள் கடுகு வெடித்தது. மூத்தவன் முகமெல்லாம் தழும்போடு பிழைத்திருந்தான். சின்னதுக்கு ஒன்றுமில்லை.

இன்றும் மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போகலாம். காலையில் போங்கள். காமிராவைப் பையிலேயே வையுங்கள். கதவைத் தட்டினால் திறக்கும்வரை பொறுத்திருங்கள். எங்கே போவதானாலும் போடவேண்டிய ஊசிகளை முன்னதாகவே போட்டுக்கொள்ளுங்கள்; படித்த குடும்பம் என்பது தடுப்பு மருந்தல்ல.

இது எனக்கு எப்படித் தெரியும் என்பதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. என் கையில் இருந்தது, பன்னிரண்டு வயதில் அக்காவின் தாளிப்புக் கரண்டி பட்ட தழும்பு. குத்தினால் ஜுரம் வந்து பள்ளிக்கூடம் கெடும் என்று, அப்பா தெரிந்த டாக்டரிடம் சர்டிபிகேட்டை மட்டும் வாங்கி வைத்திருந்தார். அன்று சந்து முனையில், செல்லக்கனியின் கண்ணில் படாமல் நீட்டிய முப்பத்திரண்டாவது கை என்னுடையது.