முந்நூற்று நாற்பது குண்டுகள்

கூர்முனைக் குண்டுதான் நேராகப் போகும் என்று யாராயிருந்தாலும் நினைப்பார்கள். பதிமூன்று வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தது மட்டுமல்ல, வகுப்பில் நாலு பேரைக் கூட்டி வைத்து விளக்கமும் சொன்னேன். கூராக இருப்பது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், மொட்டையாக இருப்பது காற்றில் முட்டி நின்றுவிடும் என்று. எனக்கு ஒரு விஷயம் சரியாகத் தெரியாவிட்டால் அதைக் கொஞ்சம் உரக்கவே சொல்வேன். அந்தப் பழக்கம் இன்றைக்கும் முழுதாகப் போய்விடவில்லை.

அந்த ஏர் ரைஃபிள் அம்மாவின் தம்பி கொடுத்தது. மாமா பட்டாளத்தில் இருந்தார். லீவில் வரும்போது எனக்கு ஒரு ஜோடி கொலுசு கொண்டுவருவார் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். வந்தது யாரோ பயன்படுத்திய துப்பாக்கியும் சிவப்பு டப்பா ஒன்று நிறையக் கூர்முனைக் குண்டுகளும். குழலை மடக்கி, அதன் வாயில் மிளகைவிடச் சற்றே பெரிய ஈயக் குண்டு ஒன்றை வைத்து, நிமிர்த்திச் சுட வேண்டும். அம்மா ஒரு வாரம் தம்பியோடு பேசவில்லை. நான் அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துக்கொண்டு தூங்கினேன்.

அரைப்பரீட்சை லீவு விடும் அன்று பி.டி. டீச்சர் ஒரு செய்தி சொன்னார். ஜனவரி முதல் சனிக்கிழமை நாகர்கோவிலில் மாவட்டத் தேர்வு, பத்து மீட்டர் தூரத்தில் காகித அட்டையைச் சுட வேண்டும், துப்பாக்கியும் குண்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். எங்கள் பள்ளியில் துப்பாக்கி வைத்திருந்தது நான் ஒருத்திதான். ஆகவே நான் தேர்வாகிவிட்டதாகவே வீட்டில் வந்து சொன்னேன்.

மறுநாள் சுட்டுப் பார்த்தேன். ஐந்து குண்டுகள் ஐந்து திசையில் போயின. ஒன்று அட்டையிலேயே படவில்லை. திருகாணிகளை முடுக்கினேன், மூச்சைப் பிடித்தேன், பக்கத்தில் மேய்ந்த கோழியைக் குறை சொன்னேன். ஒன்றும் பலிக்காமல் மாமாவுக்கு போன் போட்டேன்.

“துப்பாக்கியக் குறை சொல்லாத. அதுக்குப் பிடிச்ச குண்டு எதுன்னு நீ இன்னும் கண்டுபிடிக்கல, அவ்வளவுதான்” என்றார்.

“எது பிடிக்கும் மாமா?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொண்ணு பிடிக்கும். போட்டுப் பாரு.” இவ்வளவுதான் சொன்னார், வைத்துவிட்டார்.

போட்டுப் பார்க்க வேறு குண்டுகள் வேண்டுமே. அப்பாவைப் பிடித்தேன்.

திருவட்டாறுக்கு மேற்கே எங்களுக்கு ஒரு சின்ன ரப்பர்த் தோட்டம், எங்கள் பேச்சில் விளை, இருந்தது. அப்பா விடியும் முன்பே பால் வெட்டப் போய்விடுவார், மத்தியானம் தூங்குவார், சாயங்காலம் சர்ச் சபை வேலைகளைப் பார்ப்பார். சபையில் அவர் செயலர். அதிகம் பேசமாட்டார். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது.

“ஒண்ணு இருக்கே மக்களே, அது போராதா?” என்றார். பெற்ற பிள்ளையை எங்கள் ஊரில் ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“அதுதான் சரியில்லையே.”

“அப்பம் வேற ஒண்ணு வாங்குவோம்.”

“எது சரின்னு தெரியாம ஒண்ண வாங்கி என்ன செய்ய? மூணு வேணும்.”

மூன்று என்பது என் முடிவு. உருண்டைத் தலை ஒன்று, தட்டைத் தலை இரண்டு. ஒரு வாரம் அவரை நச்சரித்தேன். சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தேன், செருப்புக்குள் வைத்தேன், கடைசியில் அவருடைய வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பாடம் வாசிக்க அவர் எழுந்து புத்தகத்தை விரித்தபோது அந்தச் சீட்டு முதலில் வந்தது. சபை முழுவதும் காத்திருந்தது. அவர் அதை மடித்து வைத்துவிட்டு வாசித்தார். புதன்கிழமை நாகர்கோவில் போய் மூன்று டப்பாக்களோடு வந்தார். அதில் ஒன்று, நீல நிறத்தது, வெளிநாட்டுச் சரக்கு. அதன் விலையைப் பேனாவால் அழித்திருந்தார். நான் அதைக் கேட்கவும் இல்லை. எனக்கு அவசரம்.

ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின் இருந்த ஷெட்டில் என் சோதனை தொடங்கியது. அம்மாவின் தையல் டேப்பால் பத்து மீட்டர் அளந்தேன். மணல் நிரப்பிய அரிசிப் பையின் மேல் துப்பாக்கியைக் கிடத்தினேன், அப்போதுதான் கை நடுங்கினால் குண்டின் மேல் பழி விழாது. அட்டைக்குப் பின்னால் ஒரு பலகை வைத்தேன். இரண்டாவது குண்டு பலகையில் பட்டுத் திரும்பி வந்து, டேப்பைத் தேடி வந்த அம்மாவின் முழங்காலுக்குக் கீழே சுள்ளென்று பட்டது. ரத்தம் இல்லை, சத்தம் மட்டும்.

“ஏட்டி, என்னைச் சுடணும்னா நேரா சுடு. சுத்தி வந்து சுடாத” என்றாள் அம்மா.

பலகைக்குப் பதிலாக எது வைக்கலாம் என்று தேடியபோது மூலையில் ஒட்டுப்பால் மூட்டைகள் கண்ணில் பட்டன. பால் வடிந்து முடிந்த பிறகு, அதைப் பிடிக்கும் தேங்காய்ச் சிரட்டையிலும் மரத்தின் வெட்டுக்காயத்திலும் ஒட்டி உலர்ந்து கிடப்பதை உரித்தெடுப்பார்கள். அதுதான் ஒட்டுப்பால். அப்பா அதை மூட்டையில் போட்டு மிதித்து மிதித்து இறுக்கி வைப்பார். நாற்றம் தாங்காது. ஆனால் குண்டு அதில் பட்டால் ‘பொத்’தென்று உள்ளே போகும், ரப்பர் வாயை மூடிக்கொள்ளும், திரும்பி வராது. இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் கிடையாது என்று நினைத்தேன். அப்பா தூங்கும் மத்தியான நேரத்தில் முன்னால் இருந்த அதே மூட்டையை இழுத்து வருவேன், முடித்ததும் பழைய இடத்தில் கொண்டுபோய் வைப்பேன். அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து நாள் சுட்டேன். டப்பா மாற்றினால் முதல் பத்து குண்டுகளைக் குழல் பழகுவதற்கு விட்டுவிடுவேன். பிறகு ஐந்து ஐந்தாக மூன்று அட்டைகள். ஐந்து துளைகளும் ஒரு ரூபாய் நாணயத்துக்கு அடியில் ஒளிந்தால் தேர்ச்சி. ஒரு சுற்று முடிந்ததும் டப்பாக்களின் வரிசையை மாற்றி மறுபடி முதலிலிருந்து. மொத்தம் மூன்று சுற்று. குண்டின் பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும். அது நசுங்கியிருந்தால் அந்தக் குண்டைத் தள்ளிவிடுவேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். அம்மா கறிக்கு உப்புப் பார்க்கக் கூப்பிட்டாலும் போகவில்லை.

என் கூர்முனைக் குண்டு மூன்று சுற்றிலும் கடைசி. வகுப்பில் விளக்கம் கேட்ட நாலு பேருக்கும் இது தெரிய வேண்டாம் என்று முடிவு செய்தேன். பச்சை டப்பாவின் உருண்டைத் தலை நிதானமாகப் போனது, ஆனால் கனம் தாங்காமல் கீழே இறங்கியது. மஞ்சள் டப்பாவில் பாதி, குழல் வாயில் வைத்ததுமே தொளதொளவென்று உள்ளே விழுந்தது. நீல டப்பாவின் தட்டைத் தலைதான் கட்டை விரலால் அழுத்தினால் சின்னதாக மறுத்துவிட்டு உட்காரும். அதன் ஒன்பது அட்டைகளில் எட்டு நாணயத்துக்குள் அடங்கின. நம்பிக்கைக்காக இன்னும் நாற்பது சுட்டேன். முந்நூறும் நாற்பதும், முந்நூற்று நாற்பது. பெரிய உண்மை ஒன்றைக் கண்டுபிடித்த களைப்போடு படுத்தேன்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு அப்பா ஒட்டுப்பாலை ரப்பர் வாங்கும் கடைக்குக் கொண்டுபோனார்.

எடை ஏறுவதற்காகக் கல்லையும் மரப்பட்டையையும் உள்ளே திணிக்கிறவர்கள் உண்டு. அதனால் கடைக்காரர் எல்லா மூட்டையையும் கத்தியால் கீறிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். அப்பாவின் மூட்டையை மட்டும் கீறமாட்டார். அன்று மூட்டையைத் தராசில் தூக்கி வைத்தபோது இரண்டு ஈயக் குண்டுகள் உருண்டு விழுந்திருக்கின்றன. கடைக்காரர் பக்கவாட்டில் ஒரு கீறு கீறியிருக்கிறார். இன்னும் இருபது விழுந்திருக்கின்றன. கடையில் வேறு ஆட்களும் இருந்திருக்கிறார்கள்.

அப்பா மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்து அடுக்களையில் நின்றார். “ஈயம் போட்டு இப்பம்தான் பாக்கேன் செயலரேன்னு சொல்லுதாரு” என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னார்.

நான் அறையிலிருந்து ஓடிவந்தேன். “அது எனக்க குண்டு!”

எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும், துப்பாக்கி போகும் என்று எதிர்பார்த்தேன். அப்பா அப்படி எதுவும் செய்யவில்லை. “சரி, விடு மக்களே” என்றார்.

“எப்படி விட முடியும்? நீங்க ஏமாத்தினீங்கன்னு நினைக்காங்கல்லா? வாங்க, போய்ச் சொல்லுவோம்.”

“நாளைக்கு நான் பேசிக்கிடுதேன்.”

“இப்பமே போணும்.”

“வேண்டாம்.” அப்பா வேண்டாம் என்று ஒரு சொல்லில் சொன்னால் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அன்று நான் பேசினேன். நோட்டையும் அட்டைகளையும் நாலு டப்பாக்களையும் பையில் போட்டுக்கொண்டு அவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அரைமணி நேரம் அப்படியே இருந்தேன். “பிள்ள சொல்லுகது சரிதானே” என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அவருக்குத் தன் நியாயத்தைக் கேட்கக்கூட வெட்கம், அவருக்காக நான்தான் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் ஏழெட்டு பேர் இருந்தார்கள். நான் அட்டைகளை மேசையில் பரப்பி, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று முழுக்கதையையும் சொன்னேன். ஆட்கள் சிரிக்கத் தொடங்கினார்கள், நல்ல சிரிப்பு. கடைக்காரருக்கும் சிரிப்பு வந்தது.

“எத்தன குண்டு பிள்ளே?”

“முந்நூத்தி நாப்பது. நோட்டுல இருக்கு. முழுசும் வெட்டிப் பாருங்க மாமா. எனக்க குண்டத் தவிர வேற எதாவது கிடைச்சா நான் இனி இந்தத் துப்பாக்கியத் தொடமாட்டேன். சனிக்கிழம தேர்வுக்கும் போகமாட்டேன்.”

“மக்களே” என்றார் அப்பா. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைக்காரர் கத்தியை எடுத்து மூட்டையின் நடுவைப் பிளந்தார். குண்டுகள் உதிர்ந்தன. நசுங்கியிருந்தாலும் நான் ஒவ்வொன்றையும் எடுத்து இது பச்சை, இது நீலம் என்று சொன்னேன். ஆட்கள் நெருங்கி வந்து பார்த்தார்கள். கத்தி அடிப்பக்கம் இறங்கியபோது எதிலோ உரசிக் கிரீச்சிட்டது. ஈயத்தில் பட்டால் கத்தி அப்படிக் கத்தாது. கடைக்காரர் கையை உள்ளே விட்டுத் தடவினார். பிறகு தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தார். அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை வெறுமையாக வெளியே வந்தது. அவர் ரப்பரை இரண்டு பக்கமும் அழுத்தி மூடினார்.

“போதும் பிள்ளே. எல்லாம் உனக்க குண்டுதான்.”

“அடியில இன்னும் வெட்டலையே மாமா. அதையும் வெட்டுங்க.”

“நான் நம்புதேன். போருமா?” என்றவர், “செயலரே, வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லாத்தையும் பொறுக்கிட்டுக் கொண்டு வாங்க. அடுத்த வாரம் எடுக்கேன்” என்றார். ‘எல்லாத்தையும்’ என்பதைச் சற்று நிறுத்திச் சொன்னார். நான் கூட்டத்தைப் பார்த்து, “பாத்தீங்களா?” என்றேன். வரும் வழியெல்லாம் நான்தான் பேசினேன்.

அன்று சாயங்காலம் அப்பா மூட்டையைக் கிணற்றடிக்குத் தனியாக இழுத்துப்போனார். உதவிக்கு வருகிறேன் என்றதற்கு, போய்ப் படி என்றார். காலையில் பார்த்தால் ஒரு சிரட்டை நிறைய என் குண்டுகள் இருந்தன. சற்றுத் தள்ளி, வாழையின் அடிமூட்டில், வழவழப்பான ஆற்றுக் கற்கள் பத்துப் பன்னிரண்டு குவிந்து கிடந்தன. மேலே ரப்பர் ஒட்டியிருந்தது. அட்டைகள் ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க வாகான கற்கள். நாலைத் தேர்ந்தெடுத்து, ஒட்டியிருந்ததை நகத்தால் உரித்து, கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆற்றுக் கல் தானாக நடந்து எங்கள் விளைக்குள் வராது என்பது எனக்கு உறைக்கப் பல வருடங்கள் ஆயின. அந்த மூன்று டப்பாக்களுக்காகத்தான் போட்டாரா, அதற்கு முன்னும் போட்டதுண்டா என்று நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்கப்போவதும் இல்லை.

சனிக்கிழமை அப்பா சபைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்து தேர்வு நடந்த ஹாலின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் மேசையில் நோட்டையும் நீல டப்பாவையும் எடுத்து வைத்து, அட்டைகளின் நாலு மூலையிலும் நாலு கற்களை வைத்தேன். தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க அப்பா பக்கத்தில் வந்தார். மேசையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பாட்டிலை வைத்துவிட்டு வெளியே போனார்.

நீலக் குண்டு என்னைக் கைவிடவில்லை. கடைசி ஐந்தும் ஒரே துளை மாதிரி விழுந்தன. என் பெயரை வாசித்தபோது திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் நாற்காலி காலியாகவே இருந்தது. அவர் ரோட்டோரம் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். “நான் சுட்டத நீங்க பாக்கவே இல்ல” என்று அங்கேயே அழுதேன். “உள்ள புழுக்கமா இருந்துச்சு மக்களே” என்றார்.

இதற்குத் தண்டனையாகத் திரும்பும் பஸ்ஸில் அவரோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். துப்பாக்கியை நான் பிடித்துக்கொள்ள, அவர் என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கல்லோடு பை கனத்தது. என்ன மக்களே இவ்வளவு கனம் என்று அவர் கேட்பார், நான் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும் என்று ஊர் வரும்வரை காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.