கீழே இறங்கும்போது மட்டும்

என் வண்டியில் ஏறியவர் எவரும் வாந்தி எடுத்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மடையன் நான். மலைமேல் அரியூர் நாட்டில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி மூட்டைகளை ஏற்றி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அடிவாரத்து ஜவ்வரிசி ஆலைகளில் சேர்ப்பது என் பிழைப்பு. வாசலூர்பட்டி ஏரிக்குப் படகுச் சவாரிக்கு வருகிற டவுன்காரர்கள் வளைவுக்கு வளைவு காரை ஓரங்கட்டி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும். மலையில் பிறந்தவருக்கு வயிறு புரளாது என்பது எங்கள் ஆட்களின் பெருமை. பெருமைப்பட வேறு அதிகம் இல்லாததால் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அப்படிப்பட்டவனின் மகள், ஆறாம் வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரம், என் வண்டியிலேயே, புத்தகப் பையின் மேல் வாந்தி எடுத்தாள்.

ஐந்தாம் வகுப்புவரை மலையில் அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள். அடிவாரத்தில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். காலையில் என் வண்டியில் இறங்குவாள். சாயங்காலம் அரசுப் பேருந்தில் ஏறி வருவாள்.

அன்றிலிருந்து தினமும் வாந்திதான். உடனே ஊரில் ஆளாளுக்கு வைத்தியரானார்கள். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போகச் சொன்னார் ஒருவர். சீட்டில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்காரச் சொன்னார் இன்னொருவர். புளிப்பு மிட்டாய், இஞ்சிச் சாறு, கையில் கறுப்புக் கயிறு என்று ஒன்றையும் விடவில்லை. என் மகள் செய்தித்தாளின் மேல் உட்கார்ந்து, கையில் கயிற்றோடு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, ஒருநாள் தவறாமல் வாந்தி எடுத்தாள்.

ஒரு நாள் என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, பள்ளிக்கூடத்துல ஏதாச்சும் இருக்குமோ? புள்ளைகிட்டக் கேட்டுப் பாருங்களே."

"வண்டி ஓட்டறது நானா, நீயா?" என்றேன்.

கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அவள் வாயை அடைத்துவிட்டதில் எனக்கு ஒரு திருப்தி. பத்தாவது படித்த பெண்டாட்டியின் யோசனையைக் கேட்பதைவிட, வளைவை இன்னும் பக்குவமாகத் திருப்பிக் காட்டுவது என் ஆம்பளைத்தனத்துக்கு வசதியாக இருந்தது.

அதனால் மெதுவாக ஓட்டினேன். ஏழு மணிக்குக் கிளம்புகிறவன் ஆறேகாலுக்குக் கிளம்பினேன். ஒவ்வொரு வளைவிலும் வண்டியைத் தொட்டில் போலத் திருப்பினேன். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் இறங்கிப் போய்த் திட்டினேன். இப்படி ஒரு அப்பன் யாருக்குக் கிடைப்பான் என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன்.

ஒருநாள் சாயங்காலப் பேருந்தின் கண்டக்டரைக் கடைவீதியில் பார்த்தேன். "உங்க புள்ளைங்களா அது? எழுபது வளைவும் ஏறி முடியறதுக்குள்ள ரெண்டு பொட்டலம் கடலையத் தின்னு தீத்துருதுங்க" என்று சிரித்தார். மண்டையில் கொஞ்சமாவது ஏதாவது இருப்பவனுக்கு அங்கேயே விளங்கியிருக்கும். அதே சாலை, அதே வளைவு. இறங்கும்போது வாந்தி எடுக்கிறவள் ஏறும்போது கடலை தின்கிறாள். எனக்கு வந்ததோ பொறாமை. அந்த பஸ் டிரைவர் என்னைவிட நன்றாக ஓட்டுகிறானா? மறுநாள் இன்னும் மெதுவாக ஓட்டினேன்.

மகள் காலைச் சாப்பாட்டை நிறுத்தினாள். வயிற்றில் ஒன்றும் இல்லையென்றால் வெளியே வரவும் ஒன்றும் இருக்காது என்பது அவள் கணக்கு. கன்னம் ஒட்டிவிட்டது. அப்போதுதான் அடிவாரத்திலிருந்து என் மச்சான் அந்தப் பள்ளி ஹாஸ்டலின் சேர்க்கைத் தாளோடு வந்தான். எல்லாம் தெரிந்தவன் அவன். "வளைவுதானுங்க மாமா பிரச்சனை? ஹாஸ்டல்ல போட்டுருங்க. தெனமும் எறங்கவே வேண்டாம்" என்றான். நானும் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் சேர்ப்பதாகப் பேச்சு. தகரப் பெட்டிகூட வாங்கியாகிவிட்டது.

"லீவுக்கு மட்டுந்தான் ஊட்டுக்கு வரணுங்களாப்பா?" என்று கேட்டாள் மகள்.

"வளைவு இல்லாம நிம்மதியா இருக்கலாம் கண்ணு" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு கல்யாணம். நேரமாகிவிட்டதால் வண்டியை விரட்டினேன். மகள் பின்னால் சொந்தக்காரப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவையும் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள். பந்தியில் இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கினாள். "பாத்தியா, பழகிடுச்சு" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு அன்றைக்கு அர்த்தம் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அது எனக்கு வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காலை நான் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிக்குச் சாவிகூடப் போடவில்லை. மகள் சீருடையோடு வெளியே வந்தாள், குழாயடியில் குனிந்தாள், வாந்தி எடுத்தாள்.

எழுபதில் ஒரு வளைவுகூட இல்லாத எங்கள் வாசலில்.

"ஏஞ் சாமி, வண்டியே இன்னும் கெளம்பலையே" என்றேன்.

"எனக்கு வளைவெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்கப்பா."

"அதை ஏன் இத்தனை நாளாச் சொல்லலை?"

"நீங்க வளைவு வளைவுன்னே சொல்லிட்டு இருந்தீங்க. இதைச் சொன்னா திட்டுவீங்கன்னு இருந்துட்டேன்."

ஈரத் தரையிலேயே உட்கார்ந்து கேட்டேன். முதல் பீரியட் இங்கிலீஷ். டீச்சர் யாரையாவது எழுப்பிப் படிக்கச் சொல்வார். தப்பாகப் படித்தால், அந்தத் தப்பை வகுப்பு முழுவதும் சேர்ந்து அதே மாதிரி திருப்பிச் சொல்ல வேண்டும். நாற்பது பிள்ளைகள், ஒரே குரலில். அது முடிந்ததும் "மலையில இருந்து வந்தா இப்படித்தான்" என்று டீச்சர் சிரிப்பாராம். எந்த நாள் தன் பெயர் வரும் என்று தெரியாததால் என் மகளுக்கு எல்லா நாளும் அந்த நாளாகவே இருந்தது. நான் கையெழுத்துப் போட்ட தாள் அவளை அந்த நாற்பது பேரோடு ராத்திரியும் படுக்க வைத்திருக்கும். தாளை எடுத்துக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அன்றே பள்ளிக்குப் போனேன். வாசலில் 'அச்சமில்லா வளாகம்' என்று வாழைமர உயரத்துக்கு ஒரு பேனர். போன மாதம் அதன் கீழேதான் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூட்டி வந்து, பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, அப்பா அம்மா செத்துப்போனதாக நினைத்துப் பார்க்க வைத்து, எல்லாரையும் ஓவென்று அழவிட்டார்கள். பெற்றவர்கள் நாங்கள் பின்னால் நின்று கை தட்டினோம். நானும் தட்டினேன்.

தலைமையாசிரியை அறைக்கு வெளியே காத்திருந்தபோது என் வயிறு புரண்டது. ஆலையில் எடைக்காரனிடம் கத்திப் பேசுகிற வாய்க்கு உள்ளே போனதும் "வணக்கங்க மேடம்" தவிர வேறு வரவில்லை. பிறகு தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். "குழந்தைக்குத் தைரியம் பத்தாது. நீங்கதான் தைரியம் சொல்லி வளர்க்கணும்" என்றார் அவர். தைரியம் சொல்ல வேண்டியவன் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

இருந்தாலும் கேட்டு வந்தேன். அவள் தப்பை யாரும் திருப்பிச் சொல்லக் கூடாது. அவள் படிக்க வேண்டியது எந்த நாள், எந்தப் பத்தி என்று முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். அறைக்கு வரவழைத்த இங்கிலீஷ் டீச்சர் "அது சும்மா தமாசுக்குங்க" என்றார். நாற்பது பேருக்குத் தமாசு, ஒருத்திக்கு வாந்தி. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் அவர் சம்மதிக்கும்வரை அங்கிருந்து நகரவில்லை.

வீட்டில் மீதியை மனைவி பார்த்துக்கொண்டாள். அவள் அவரைக்காய் உரிப்பாள், மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்தியை உரக்கப் படிப்பாள். தப்பு வந்தால் இருவரும் சேர்ந்து எழுத்துக்கூட்டுவார்கள். "பயப்படாதே" என்ற வார்த்தையை நான் சொல்லக் கூடாது என்று உத்தரவு. எனக்கு அது ஒன்றுதான் சொல்லத் தெரியும் என்பதால் பெரும்பாலும் சும்மா இருந்தேன்.

பத்து நாள் கழித்து அவள் முறை வந்தது. காலையில் குழாயடியில் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்தாள். பாதி இட்லியைத் தின்றுவிட்டு வந்து முன்சீட்டில் ஏறினாள்.

"இன்னைக்கு லீவு போட்டுக்கலாமா சாமி?"

"வேண்டாங்கப்பா."

பழக்கதோஷம், முதல் வளைவைத் தொட்டில் போலத் திருப்பினேன். இரண்டாவதையும். மூன்றாவதில் அவள் பாடப் புத்தகத்தை மூடினாள்.

"அப்பா, கொஞ்சம் வேகமாப் போங்களே."

"ஏங் கண்ணு, நேரம் இருக்குதே?"

"மெதுவாப் போனா பயப்படறதுக்கு ரொம்ப நேரம் கெடைக்குதுங்கப்பா. இத்தனை மாசமும் அப்படித்தான் இருந்துச்சு."