ஐந்நூறாவது துளி

எங்கள் மாடியில் காலை ஆறரைக்கு ஓர் அலாரம் அடிக்கும். அது முன்வீட்டு நாகேந்திரம் அண்ணருடைய, இரத்தத்தில் சீனி பார்க்கும் மெஷின். அண்ணர் செத்து ஒரு வருடம் ஆகவிருந்தது. மெஷின் இன்னமும் அவரை ஊசிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கதவு தாண்டி எனக்கே கேட்கும். அதை நிறுத்தத் தெரியாது என்று அவருடைய மனைவி அன்னபாக்கியம் சொல்லுவார். கனடாவில் இருக்கிற தங்கச்சியோடு போனில் முகம் பார்த்துக் கதைக்கத் தெரிந்த மனுஷிக்கு ஓர் அலாரத்தை நிறுத்தத் தெரியாதாம். நான் நம்பவில்லை. ஆனால் கேட்கவும் இல்லை.

அந்தச் சத்தத்துக்கு அப்போது எழும்பி வந்தவர் துரை. வெள்ளவத்தைச் சந்தை வாசலில் அண்ணர் பொறுக்கிவந்த சாம்பல் பூனை. தேயிலைத் தோட்டத்துத் துரைமாரைப் போல நடந்து வந்து, மெஷின் இருக்கும் மேசை லாச்சிக்குக் கீழே குந்தியிருந்து, காதைக் கொடுப்பார். அன்னம் அக்கா வெந்நீரில் நனைத்த துணியால் காதைச் சூடாக்கி, விளிம்பில் ஒரு குத்துக் குத்தி, வருகிற துளியை ஸ்ட்ரிப்பில் ஒற்றி எடுப்பார். துரைக்கும் சீனி வருத்தம், அதே நீரிழிவு. அண்ணர் உயிரோடு இருக்கும்போது இருவரும் ஒரே கோப்பையில் மாரி பிஸ்கட் தோய்த்துச் சாப்பிட்டதை நான் கண்ணால் கண்டவள். கூடிக் கெட்டவர்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

அன்னம் அக்கா முப்பத்தொரு வருடம் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் டைப் அடித்தவர். ஓர் எழுத்துப் பிழைத்தால் வெள்ளை மை பூசித் திருத்துகிற பழக்கம் அவரிடம் இருக்கவில்லை. தாளையே கிழித்துப்போட்டு முதலிலிருந்து அடிப்பாராம். இதை அவர் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அண்ணர் போன பிறகு சொல்வதில்லை.

சென்ற வருட ஆடி அமாவாசையை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். தகப்பன் இல்லாத ஆண்கள் அன்று விரதம். மத்தியானம் படைத்து, காகத்துக்குச் சோறு வைத்து, காகம் வாய் வைத்த பிறகுதான் சாப்பாடு. நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவ வேதக்காரி; இவர்களுக்கு முன்வீடாக வந்த இந்தப் பதினான்கு வருடத்தில்தான் இதெல்லாம் படித்தேன். அண்ணருக்குக் கை நடுக்கம். இன்சுலின் ஊசி போடுவது எப்போதும் அக்கா. அன்றும் ஆறரைக்கு மெஷின் கூப்பிட, பழக்கத்தில் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான் இருவருக்கும் விரதம் ஞாபகம் வந்தது. ஊசிக்குப் பிறகு சாப்பிடாவிட்டால் சீனி இறங்கிவிடும், இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிடுங்கோ என்று அக்கா கெஞ்சினார். அப்பருக்கு வருஷத்தில் ஒரு நாள்தானே என்று மனுஷன் மறுத்துவிட்டார். பிடிவாதத்தில் அவர் படித்துப் பட்டம் வாங்கினவர்.

நேரத்தோடு படைத்துப் பதினொன்றேகாலுக்கெல்லாம் பல்கனியில் சோறு வைத்தார்கள். காகம் வரவில்லை. எப்படி வரும்? பல்கனிக் கதிரைக்குக் கீழே துரை காலை நீட்டிப் படுத்திருந்தார். காகங்கள் எதிர் மாடியின் விளிம்பில் நின்று கத்தின. துரையைக் கலைக்க அண்ணர் விடவில்லை. மெத்தைச் செற்றியில் சாய்ந்தபடி காத்திருந்தார். குசினியில் மிச்ச வடையைச் சுட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு நடுவில் மெஷின் ‘பீப்’ என்றது கேட்டதாம். பார்க்கிறார்தானே, குறைவென்றால் கூப்பிடுவார் என்று நினைத்தாராம். பிறகு சத்தமில்லை. கண்ணயர்ந்துவிட்டார் என்று விட்டுவிட்டு, பன்னிரண்டேமுக்காலுக்கு எழுப்பப் போனார். அக்காவின் குரல் கேட்டு முதலில் ஓடிப்போனது நான். செற்றியில் கிடந்த மெஷினை எடுத்து லாச்சிக்குள் வைத்ததும் நான்தான்.

ஆஸ்பத்திரியில் இருதயம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா இருந்தார். இருதயமென்றால் கடவுள் எடுத்தது. சீனி இறங்கிப் போனதென்றால் அவர் போட்ட ஊசி. எது என்பது அந்தக் கடைசி ‘பீப்’புக்குத் தெரியும், எண் மெஷினுக்குள் இருந்தது. ஒரு பொத்தானைப் பின்னுக்கு அமத்தினால் வந்துவிடும். அவர் அமத்தவில்லை. மெஷினைத் துணியால் சுற்றி வைத்தார். காலையில் துணிக்குள்ளிருந்து அலாரம் அடித்தது.

கார்த்திகை மாதம் துரை மெலியத் தொடங்கினார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். மிருக வைத்தியர் இரத்தம் பார்த்துவிட்டு, தினம் இரண்டு தரம் சீனி பார்த்து, சாப்பிட வைத்து, அதன் பிறகு ஊசி போடச் சொன்னார்.

“முதல் சாப்பாடு, பிறகுதான் ஊசி. சாப்பிடாட்டிப் போடவே வேண்டாம், எனக்குப் போன் எடுங்கோ” என்று இரண்டு தரம் சொன்னார்.

அக்காவின் முகம் அந்த இடத்தில் செத்துப்போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வேறு மெஷின் வாங்கச் சொன்னேன். மருந்துக்கடை ஜவாத் பாதி விலைக்குத் தருகிறேன் என்றும் சொன்னார். அக்கா கேட்கவில்லை. துணியை அவிழ்த்து அதே மெஷினில் தொடங்கினார். எனக்குக் கோபம் வந்தது. சிக்கனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று நினைத்தேன். ஜவாத் சொன்ன இன்னொரு விஷயத்தை அக்கா மனதில் போட்டுக்கொண்டது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த மெஷின் ஐந்நூறு எண்களைத்தான் ஞாபகம் வைக்கும். புதிது ஒன்று உள்ளே வர, ஆகப் பழையது ஒன்று வெளியே போகும்.

அக்கா ஒரு கொப்பியில் துரையின் எண்களை எழுதினார். பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமும் போட்டார். ஒருநாள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

“இலக்கம் ஏன் அக்கா?”

“துரைக்கு ஐந்நூறு தரம் பாத்தா, உம்மட அண்ணற்ற எண் எல்லாம் போயிடும். நான் அழிக்கேல்லை, றேணுகா. அது தன்பாட்டில போகுது.”

அதற்குப் பிறகு நான் அந்த லாச்சியைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். துரையின் ஒவ்வொரு துளியும் அண்ணரை ஓர் அடி பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

துரைக்குச் சாப்பாடு கொடுப்பது லேசான காரியமென்று யாராவது நினைத்தால் ஒரு நேரம் வந்து கொடுத்துப் பார்க்கட்டும். சோறு கூடாது, அது அவருக்குப் பிடித்தது. தகரத்தில் வரும் பூனைச் சாப்பாடு நல்லது. அதை மணந்து பார்த்துவிட்டு, மண் போட்டு மூடுவதுபோல நிலத்தைக் காலால் விறாண்டுவார். கடைசியில் அவர் சம்மதித்தது சூடை மீன் ஒன்றுக்குத்தான். உப்பில்லாமல், மஞ்சளில்லாமல் அவித்து, முள் எடுத்து, இளஞ்சூட்டில், பூப்போட்ட சோசரில் வைக்கவேண்டும். சில்வர்த் தட்டில் வைத்தால் அன்று உபவாசம். வெள்ளிக்கிழமையிலும் விரத நாட்களிலும் அக்கா வீட்டில் மீன் ஏறாது. அந்த நாட்களில் துரையின் சமையல் என் குசினியில். இப்படி நான் ஒரு பூனைக்குச் சமையல்காரியானேன்.

அண்ணருடைய முதல் வருட ஆட்டைத் திவசம் வந்தது. திதிப்படி அதுவும் ஆடி அமாவாசை. முதல் நாள் பின்னேரம் கொப்பியில் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று எழுதியிருந்தது. மெஷினுக்குள் அண்ணருடையது ஒன்றே ஒன்று மிச்சம், அந்தக் கடைசி எண்.

விடிய ஆறு மணிக்கு அக்கா என் கதவைத் தட்டினார். தலை முழுகி ஈரத்தோடு நின்றார். துரை முன்னரே வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார்.

“இவர் இண்டைக்கு உம்மட வீட்டில நிக்கட்டும். அங்க நிண்டா காகம் வராது. நான் குளிச்சிட்டன், இனி மீன் தொடேலாது. நீர் சாப்பாட்டைக் குடுத்துவிடும்.”

“ஓம் அக்கா, நான் பாக்கிறன்.”

இவ்வளவுதான் கதைத்தோம். நான் சந்தைக்குப் போனேன். ஆடி மாதக் கடல்.

“சாலயோ நே அக்கே, முஹுத ரலுய்” என்று மீன்காரர் சிங்களத்தில் சொல்லிக் கையை விரித்தார். கடல் கொந்தளிப்பு, சூடை இல்லை. பாரையில் ஒரு துண்டு வாங்கிவந்து அவித்து வைத்தேன். துரை மணந்தார், நிலத்தை விறாண்டினார், என் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார். பசித்தால் புலியும் புல்லைத் தின்னும் என்று நான் என் வேலையைப் பார்த்தேன். சாப்பிட்ட பிறகுதான் ஊசி என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆகவே ஊசி இன்னும் போடவில்லை என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மத்தியானம் முன்கதவு திறந்து கிடந்தது. அக்கா பல்கனி வாசலில் கையில் அகப்பையோடு நின்றார். வெளியே இரண்டு காகங்கள் வாழையிலையில் சோறு கொத்திக்கொண்டிருந்தன. ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பைக் கண்டேன்.

“வைச்ச உடன வந்திட்டுது, றேணுகா.”

“நல்லது அக்கா. ஆனா துரை இன்னும் வாய் வைக்கேல்லை. ஊசியைப் பின்னேரம் போடுங்கோ.”

அகப்பை அப்படியே நின்றது.

“குளிக்க முந்தியே போட்டிட்டன்” என்றார். “ரத்தம் தொட்டிட்டுப் படையல் தொடேலாது எண்டு, விடியவே போட்டிட்டன். சீனியும் பாக்கேல்லை. இண்டைக்கு அந்த ஒண்டையும் போக விட மனம் வரேல்லை.”

இருவரும் என் அறைக்கு ஓடினோம். கட்டிலுக்குக் கீழே துரை பக்கவாட்டில் கிடந்தார். தலை ஆடியது. கண் திறந்திருந்தது, ஆனால் அது எங்களைப் பார்க்கவில்லை. அக்கா படையல் சேலையோடு நிலத்தில் விழுந்து அவரை இழுத்து மடியில் போட்டார். நான் போய் லாச்சியைத் திறந்து மெஷினையும் குளுக்கோஸ் மாவையும் எடுத்து வந்தேன். அக்கா மெஷினைக் கையில் வாங்கினார். அதற்குள் என்ன இருக்கிறதென்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

“நான் குளுக்கோஸைக் கரைச்சுத் தடவுறன். நீங்கள் பின்னுக்கு அமத்தி அதைப் பாருங்கோ. பாத்திட்டுப் பிறகு இவருக்குப் பாக்கலாம்” என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அண்டைக்குச் சத்தம் கேட்டும் நான் வந்து பாக்கேல்லை, றேணுகா. வடை கருகிப்போகும் எண்டு நிண்டனான். இண்டைக்கு இவரைப் பாக்கிறன்.”

காதைத் துடைத்தார், குத்தினார். துளி வர நேரமெடுத்தது. ‘பீப்.’ முப்பத்தெட்டு.

கரைத்த குளுக்கோஸை விரலில் தொட்டு பல் முரசில் தேய்த்தோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வைத்தியருக்குப் போன் எடுத்து அவர் சொன்னபடி விடாமல் செய்தோம். அக்கா அழவில்லை, அண்ணரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். பூனையை மடியில் வைத்துக்கொண்டு, எழும்புங்கோ, எழும்புங்கோ என்று மரியாதையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.  அரை மணிக்குப் பிறகு எண்பத்தாறு. துரை எழுந்து இரண்டு அடி தள்ளாடி நடந்து, காலையில் மறுத்த அதே பாரையைத் தின்னத் தொடங்கினார்.

வைத்தியரிடம் போய்க் காட்டி, திரும்பி வந்து உட்கார்ந்தபோது பின்னேரமாகிவிட்டது. அக்கா கொப்பியை எடுத்து ஐந்நூறு என்று எழுதினார், ஐந்நூற்றொன்று என்று எழுதினார். பேனையை மூடினார். பிறகு, ஒரு வருடமாக என்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“அண்டைக்கு மெஷினை எடுத்து வைச்சது நீர்தானே. ஒண்டும் பாக்கேல்லைத்தானே?”

நான் பார்த்தேன். அன்று செற்றியில் கையை வைத்தபோது மெஷின் அகப்பட்டது. என்ன ஏது என்று தெரியாத பதற்றத்தில் பொத்தானை அமத்தினேன். முப்பத்தொன்று. பக்கத்தில் நேரமும் காட்டியது: பதினொன்று நாற்பது. துரையினதை விட ஏழு குறைவு. பாயாசம் இருந்த குசினி பத்து அடி தூரம்தான். அக்கா அவரைத் தொட்டு எழுப்பும் வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மனுஷன் காகத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். தெரிந்து இருந்தாரா, தெரியாமல் மயங்கினாரா, அது எனக்கும் தெரியாது. யோசித்து யோசித்து அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

மெஷினுக்குள் அந்த எண் இருந்த வரைக்கும் அக்கா என்னைக் கேட்கவில்லை. இப்போது அது இல்லை. கேட்கிறார்.

“இல்லை அக்கா. நான் ஏன் பாக்கிறன்.”

“அப்ப இனி ஒருத்தருக்கும் தெரியாது” என்று சொல்லி, அக்கா என் தோளில் தலையை வைத்து அன்றுதான் அழுதார். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அடுத்த நாள் ஆறரைக்கு அலாரம் அடிக்கவில்லை. அக்கா அதை நிறுத்திவிட்டார். நான் அதற்கு முன்னரே விழித்திருந்தேன். இப்போது தினமும் அப்படித்தான்.