அப்பாவின் உபயம்

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் எல்லாரும் பந்தி எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். நான் ஓங்கி ஒருமுறை கை தட்டுவேன். சத்தம் உடனே அடங்கினால் கட்டியவனை மனசுக்குள் வாழ்த்துவேன். கூரைக்கும் சுவருக்குமாக அலைந்துவிட்டு மெதுவாகச் செத்தால், அன்றைக்கு மைக் பிடிக்கிறவர்கள் பாடு திண்டாட்டம்தான் என்று தெரிந்துவிடும். என் மனைவிக்கு இது மானக்கேடு. "கொசு அடிக்கீங்கன்னு நெனச்சுக்கிடுவாங்க, விடுங்க" என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வாள். கோவில்பட்டியில் ஒரே ஒரு மண்டபத்தில் மட்டும் நான் கை தட்டுவதில்லை. அதை வரைந்தவன் நான்.

அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர். புதூர்ப் பக்கத்துக் கரிசலில் மழையை நம்பி விதைத்து ஏமாந்த ஒரு வருசம், ஊரைவிட்டு வந்து மில்லுக்குள் போனார். ஓய்வு பெறும்வரை அந்த இரைச்சலுக்குள்ளேயே இருந்தார். மில் எங்களுக்குச் சோறு போட்டது, அவர் காதை வாங்கிக்கொண்டது. எங்கள் வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்தவர்கள், இங்கே விடிந்தால் சண்டை என்று நினைத்துக் கொஞ்ச நாள் எங்கள் அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். தங்கச்சி அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாடத்தையெல்லாம் தொண்டை கிழியப் படித்தே தேறினாள். பின்னாளில் அவள் பள்ளிக்கூட டீச்சரானபோது யாரும் ஆச்சரியப்படவில்லை.

அப்பாவுக்கு ஒரு காது மிஷின் உண்டு. சட்டைப் பையில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். வீட்டில் ஒரு ஆள் பேசினால் அது போதும். கல்யாண வீட்டில் அது எல்லா இரைச்சலையும் அள்ளிக் காதில் கொட்டும். அவர் உள்ளே நுழையும்போதே அதை அணைத்துவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொள்வார். யார் என்ன சொன்னாலும் அந்தச் சிரிப்பு. ஒரு தடவை ஒருத்தர் தன் தாயார் தவறிவிட்ட சேதியைச் சொன்னார், அதற்கும் அதே சிரிப்பு. சொன்னவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

அந்தச் சிரிப்பைக் கழற்றவேண்டும் என்றுதான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். சிவில் படித்துவிட்டு, அரங்கங்கள் கட்டும் சென்னை ஆபீஸ் ஒன்றில் சேர்ந்து, தொண்ணூறுகள் முடியும்வரை அங்கே கிடந்து கற்றுக்கொண்டேன். கற்றது சின்ன விஷயம்தான். மண்டபத்தில் பேச்சு புரியாமல் போவதற்குச் சத்தம் குறைவு காரணம் இல்லை. சொன்ன வார்த்தை போகாமல் அங்கேயே நிற்கிறது, அதன்மேல் அடுத்த வார்த்தை வந்து ஏறுகிறது. வழுவழுப்பான கெட்டிச் சுவர் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். மெத்தென்று துளையும் இடைவெளியுமாக இருக்கிற சுவர் அதை விழுங்கிவிடும். நல்ல காது உள்ளவன் எப்படியோ சமாளித்துக்கொள்வான். அப்பா மாதிரி ஆள் தோற்றுப்போவார்.

ஊருக்குத் திரும்பியதும் இதை அவருக்கு விளக்க, தெரிந்தவர் ஒருவரின் பருத்தி குடோனுக்குக் கூட்டிப் போனேன். இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் பொதிகள். காது மிஷினைப் போடச் சொல்லி அவரை அந்தக் கோடியில் நிறுத்திவிட்டு, இந்தக் கோடியில் நின்று சாதாரணக் குரலில், "அப்பா, காப்பி குடிப்பமா?" என்றேன்.

"சீனி கம்மியாச் சொல்லு" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பொதிகளை லாரி ஏற்றிப் போனபின் மறுபடி அவரைக் கூட்டிப் போனேன். அதே இடம், அதே குரல், அதே காப்பி. அவருக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. வெறும் சுவரில் உள்ளங்கையால் அடித்துப் பார்த்தார்.

"அப்ப இந்தச் சொவருதாம்லே பேச்சக் கெடுத்துட்டு இருந்திருக்கு. நான் எங்காதுன்னுல்லா நெனச்சேன்." கண் கலங்கிவிட்டது அவருக்கு. "தங்கச்சி கல்யாணத்துக்கு இப்படி ஒரு மண்டபம் கட்டுலே. அன்னைக்காவது எல்லாரும் பேசுறத நான் கேக்கணும்."

அந்த நேரம் பார்த்து ஊரில் ஒரு மண்டபம் கட்ட கமிட்டி போட்டார்கள். கடைக்காரர்களும் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகளும் சேர்ந்த கமிட்டி. நானும் என்னோடு படித்த நண்பனும் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் ஆபீஸ் போட்டிருந்தோம். வேலை எங்களுக்கு வந்தது. கட்டடம் எழுப்புவது அவன் பொறுப்பு, வரைபடமும் ஒலியும் மின்வேலையும் என் பொறுப்பு.

பக்கச் சுவர்களில் முழுக்க மரச் சட்டங்கள், சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி, பின்னால் பஞ்சு என்று வரைந்திருந்தேன். பஞ்சு என்றதும் தீப்பெட்டி முதலாளிகள் எழுந்து ஓடாத குறை. இது கண்ணாடிப் பஞ்சு, தீப்பிடிக்காது என்று ஒரு துண்டை மேஜைமேல் வைத்தேன். ஆளாளுக்குத் தங்கள் தங்கள் பிராண்டு தீப்பெட்டியை எடுத்து உரசிப் பார்த்தார்கள். அது கருகியதே தவிரப் பற்றவில்லை. என் கட்சி ஜெயித்தது.

மேடையில் இரண்டு பெரிய ஸ்பீக்கரை வைத்து அலறவிடாமல், தூணுக்குத் தூண் சின்ன ஸ்பீக்கர் வைக்கச் சொன்னேன். நாளைக்கு என்ன மெஷின் வருமோ, அப்போது சுவரை உடைக்கக்கூடாது என்று காலிக் குழாய்களும் பதிக்கச் சொன்னேன். செயலாளர் அண்ணாச்சி குழாய் வாயில் கண்ணை வைத்துப் பார்த்தார். "வயரும் இல்ல, தண்ணியும் வராதுங்கீரு. பிறகு இது எதுக்கு தம்பி?" என்றார். ஆனாலும் பதிக்கவிட்டார். நல்ல மனுசர்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எங்கள் பக்கம் பொதுக் கட்டடம் என்றால் உபயத்தில்தான் எழும்பும். பெஞ்சு ஒருவர் உபயம், மின்விசிறி ஒருவர் உபயம். டியூப்லைட்டைக்கூட விடமாட்டார்கள், கொடுத்தவர் பெயரை அதன்மேலேயே எழுதிப் பாதி வெளிச்சத்தை மறைத்துவிடுவார்கள். கொடுத்த பொருளில் பெயர் இருக்கவேண்டும், அதுதான் வழக்கம்.

"எல்லாஞ் சரி தம்பி. இந்தச் சட்டத்துல பேர எங்கன எழுத?" என்று செயலாளர் கேட்டார்.

சுவரைத் தொடாதீர்கள், எல்லார் பெயரையும் வாசலில் ஒரே கல்லில் வெட்டுங்கள் என்று மன்றாடினேன். கடைசியில் எல்லார் முன்னாலும் அவர் சரி என்று வாக்குக் கொடுத்தார். என் நண்பன் என் தோளில் தட்டி, "மாப்ள, சொவரு ஓம்பொறுப்பு. ஒரு ஆணி அடிக்கணும்னாலும் ஒன்னக் கேட்டுத்தான் அடிப்பேன்" என்றான்.

தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமைந்தது. அந்த மண்டபத்தையே பேசி, பத்திரிகையும் அடித்தாயிற்று. நான் ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிபயரும் பார்த்து வாங்கச் சென்னைக்குப் போனேன். ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்து எடுக்கவேண்டியிருந்ததால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டிகளோடு நேராக மண்டபத்துக்குப் போனேன்.

மரச் சட்டம் ஒன்றுகூட இல்லை. இரண்டு சுவரும் அடியிலிருந்து நுனிவரை கருப்பு கிரானைட். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பாலிஷ். கல்லுக்குக் கல் ஒரு பெயர், உபயம் என்று தங்க எழுத்து. நான் கை தட்டினேன். சத்தம் இரண்டு சுவருக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது, நிற்கவே இல்லை.

நண்பனிடம் நான் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றான்.

"உபயம் வரணும்லா மாப்ள? சட்டத்துக்கு ஒரு ஆளும் முன்ன வரல. கல்லுன்னதும் க்யூவுல நிக்காங்க."

"அண்ணாச்சி வாக்குக் கொடுத்தாரே?"

"அவிய யோசிக்கத்தான் செஞ்சாவ. தம்பிகிட்டச் சொல்லிட்டமேன்னு ரொம்ப வருத்தப்பட்டாவ. ஒங்க அப்பா வந்து சொன்ன பிறகுதான் சரின்னாவ."

"எங்க அப்பாவா?"

அவன் மேடைப் பக்கம் கை காட்டினான். மேடையை ஒட்டி, எல்லார் கண்ணும் படுகிற இடத்தில் முதல் கல். அதில் அப்பாவின் பெயர். அவனே வீட்டுக்குப் போய் அவரிடம் பேசியிருக்கிறான். மகன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன் என்று அவர் கமிட்டிக்கு வந்து முதல் கல்லுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். இன்ஜினியரின் அப்பாவே கல் கொடுத்த பிறகு யார்தான் தயங்குவார்கள்?

நண்பன் செய்ததுகூட எனக்குப் புரிந்தது. வேலை முடியவேண்டும், கமிட்டியிடம் நல்ல பெயர் எடுக்கவேண்டும், அவ்வளவுதான் அவன். அப்பாவை என்ன செய்ய? யாருக்காக அந்தச் சுவரை வரைந்தேனோ, குடோனில் யார் கண் கலங்கினாரோ, அந்த ஆளே எனக்குத் தெரியாமல் போய் அதை வழித்துத் துடைத்திருக்கிறார்.

வீட்டில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் நின்று கத்தினேன்.

"கல்லு வச்சா ஒங்களுக்குக் கேக்காதுன்னு தெரியாதா?"

"தெரியும்லே."

"பிறகு?"

அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டா எனக்கு மட்டுந்தான தெரியும். கல்லுல இருந்தா ஊருக்கே தெரியும்லா. அந்த மொதலாளிமாரு பேரோட ஒரு மில்லுக்காரன் பேரு, அதுவும் மொதப் பேரா, இந்த ஊருல எங்கனயாவது இருக்கா? நீயே சொல்லு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா நீ விட்டிருக்க மாட்டே" என்றார். பிறகு ரசத்துக்குக் கையை நீட்டினார்.

அது உண்மைதான். விட்டிருக்க மாட்டேன். அதனால் என் ஆத்திரம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. கல்யாணம்வரைக்கும் தேவைக்கு மேல் அவரோடு நான் பேசவில்லை. அவரும் அதைக் கண்டுகொண்ட மாதிரி தெரியவில்லை. வருகிறவர்களையெல்லாம் மண்டபத்துக்குக் கூட்டிப்போய்க் கல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

கடைசி முயற்சியாகச் செயலாளரிடம் போய், கல்யாணத்தன்றைக்கு மட்டும் சுவர் முழுக்கக் கனமான திரைத்துணி தொங்கவிட்டுக்கொள்கிறேன் என்று கேட்டேன். அவர் பதறிவிட்டார். "கல்ல மூடவா? தம்பி, உபயக்காரங்க என்னைய ஊரவிட்டே வெரட்டிருவாங்க."

கல்யாணத்தன்று நான் பயந்தபடியே நடந்தது. நாதஸ்வரமும் மேளமும் சேர்ந்து ஒரே முழக்கமாகிவிட்டன. வாழ்த்த வந்தவர்கள் மைக்கில் பேசினார்கள், வாய் அசைந்தது தெரிந்தது. நான் தேடிப் பிடித்து வாங்கிய தூண் ஸ்பீக்கர்கள் ஆளுக்கு ஒரு பக்கமிருந்து குழப்பத்தைக் கூட்டின. முன்வரிசைக்குப் பின்னால் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், "என்னப்பா, கெணத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கு?" என்று என் நண்பனைக் கேட்டார். அவன் கூசாமல் என்னைக் கை காட்டினான்.

"சவுண்டு பூரா அவன் டிபார்ட்மெண்டு அண்ணாச்சி. நான் கட்டடம் மட்டுந்தான்."

கடைசியில் பொண்ணு ஒரு வார்த்தை நன்றி சொல்லட்டும் என்றார்கள். தங்கச்சி டீச்சர் இல்லையா, தயங்காமல் மைக்கை வாங்கினாள். நான் மேடையோரம் ஆம்ப்ளிபயரை ஒட்டி நின்றதால் அவள் குரலே நேராக எனக்குக் கேட்டது.

"நான் படிச்ச பாடமெல்லாம் எங்க அப்பாவுக்கு முன்னால சத்தமாப் படிச்சதுதான். கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் கேக்குற கொரல் எனக்குன்னு பள்ளிக்கூடத்துல சொல்லுதாங்க. அந்தக் கொரல் எங்க அப்பா தந்தது. அவியளுக்குக் கேக்கணும், கேக்கணும்னு பேசிப் பேசி வந்தது."

நான் முன்வரிசையைப் பார்த்தேன். அப்பா பட்டு வேட்டி கட்டி, சந்தனம் பூசி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு. ஒருத்தர் தாயார் செத்ததற்குச் சிரித்தாரே, அதே சிரிப்பு. மகள் அழுதுகொண்டே கும்பிட்டதைப் பார்த்து, அதைக் கொஞ்சம் அகலமாக்கினார்.

கோபத்தையெல்லாம் விட்டுவிட்டு ஓடிப்போய் அவர் காதருகே குனிந்தேன். அவள் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். மேளக்காரர்கள் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். அவர் தலையை ஆட்டினார், கையை விரித்தார், மறுபடி சொல்லச் சொல்லிச் சைகை காட்டினார். மறுபடி சொன்னேன். மேளம் சட்டென்று நின்ற நேரம், தன் குரலின் அளவு தெரியாத மனுசர், மில் ஓடுகிற இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டையில் சொன்னார்:

"ஒரு எழவும் வெளங்கலலே! என்ன மண்டபம் கட்டிருக்கே நீ? பெத்த பிள்ள பேசுறதுகூடக் கேக்கல!"

அன்றைக்கு அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது அது ஒன்றுதான். பந்திக்கு எழுந்தவர்கள்கூட நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அப்பா சொன்னது அவர் பெயர் வெட்டிய கல்லில் பட்டு, எதிர்ச் சுவரில் பட்டு, எனக்கு இன்னொரு தடவையும் கேட்டது.